உப்பு, படிகாரம், பைரைட்: படிகங்களை வகுத்த வரலாறு

உப்புநீரை மெல்ல வற்றவிட்டால் சிறு பெட்டிகளைப் போன்ற கற்கள் அடியில் தங்கும். ஆறு சதுர முகங்கள் கொண்ட கனசதுரங்கள் அவை. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் படிகாரத்தை நீரில் கரைத்து வற்றவிட்டாலோ எட்டு முக்கோண முகங்கள் கொண்ட எண்முகிகள் வளரும். பைரைட் என்றொரு கனிமம் உண்டு. இரும்பும் கந்தகமும் சேர்ந்த இது, பொன்னைப் போல் மின்னிப் பலரை ஏமாற்றியது. உப்பைப் போலவே இதுவும் பெரும்பாலும் கனசதுரமாகக் கிடைக்கிறது.

இம்மூன்றையும் இரு குவியல்களாகப் பிரிக்கச் சொன்னால் நாம் என்ன செய்வோம்? உப்பையும் பைரைட்டையும் ஒருபுறமும், படிகாரத்தை மறுபுறமும் வைப்போம். படிகவியல் அவ்வாறு வைப்பதில்லை. முதலில் மூன்றையும் ஒரே தொகுதியில் சேர்க்கிறது. பின்னர் நுணுகிப் பார்த்து, படிகாரத்தையும் பைரைட்டையும் ஒன்றாக வைத்து, உப்பைத் தனியே பிரிக்கிறது. கண் சொல்லும் தீர்ப்புக்கு இது நேர்மாறானது.

கண்ணை நம்பாத இந்த வகைப்பாடு எவ்வாறு பிறந்தது, எதை எண்ணத் தொடங்கியதால் அது சாத்தியமாயிற்று, முற்றுப்பெற்றதாகக் கருதப்பட்ட அதன் பட்டியலுக்கு 1982-இல் என்ன நேர்ந்தது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

பனித்துகளும் பிளாரன்சு நகரும்

படிகம் என்ற நம் சொல் வடமொழி ஸ்படிகத்திலிருந்து வந்தது. ஐரோப்பிய மொழிகள் வழங்கும் கிரிஸ்டல் என்ற சொல்லோ பனிக்கட்டியைக் குறித்த கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. மலைகளில் கிடைத்த தெளிந்த குவார்ட்ஸ் கற்களை, இனி உருகவே இயலாதவாறு இறுகிப்போன பனிக்கட்டி என்றே பண்டைக் கிரேக்கரும் உரோமரும் நம்பினர்.

பனியிலிருந்தே படிகவியலின் முதற்கேள்வியும் எழுந்தது. 1611-இல், பிராகு நகரில் பேரரசரின் கணிதராக இருந்த யோகன்னஸ் கெப்ளர், தம்மை ஆதரித்த நண்பர் ஒருவருக்குப் புத்தாண்டுப் பரிசாக ஒரு சிறு நூலை எழுதி அளித்தார். வானிலிருந்து விழும் பனித்துகள் எப்போதும் ஆறு முனைகளுடன் விழுவது ஏன், ஐந்தோ ஏழோ கொண்டு விழாதது ஏன் என்பதே அந்நூலின் பொருள். ஒரே அளவுள்ள உருண்டைகளைத் தளத்தில் நெருக்கி அடுக்கினால் ஒவ்வொன்றையும் ஆறு உருண்டைகள் சூழ்ந்து நிற்கும் என்பதை அவர் கண்டார். ஆயினும் பனிக்கு அதுதான் காரணம் என்று அறுதியிட்டுச் சொல்ல அவரால் இயலவில்லை. கேள்வியை வேதியியலாரிடம் விட்டுவிட்டு நூலை முடித்தார். உள்ளே இருக்கும் அடுக்குமுறைதான் வெளியே உருவமாகத் தெரிகிறது என்ற எண்ணம் அங்கே முளைவிட்டது.

அடுத்த அடியை எடுத்து வைத்தவர் நீல்ஸ் ஸ்டெனோ. டென்மார்க்கில் பிறந்த உடற்கூற்று அறிஞரான இவர், பிளாரன்சில் மெடிசி அரசவையின் ஆதரவில் இருந்தபோது 1669-இல் வெளியிட்ட நூலில் குவார்ட்ஸ் படிகங்களை ஆராய்ந்தார். படிகம் செடியைப் போல உள்ளிருந்து வளர்வதில்லை, சுற்றியுள்ள நீர்மத்திலிருந்து புறத்தே படலம் படலமாகச் சேர்ந்து வளர்கிறது என்றார். ஒரு பக்கம் கூடுதலாகவும் மறுபக்கம் குறைவாகவும் படலம் சேர்ந்தால் முகங்களின் அளவு மாறும். ஒரு கல் நெடிதாகவும் மற்றொன்று குட்டையாகவும் அமையும். ஆனால் முகத்துக்கும் முகத்துக்கும் இடையிலுள்ள கோணம் மட்டும் மாறுவதில்லை.

இரண்டு குவார்ட்ஸ் கற்கள் பார்வைக்குச் சற்றும் ஒத்திராமல் இருக்கலாம். கோணங்களை அளந்தால் அவை ஒன்றே என்பது புலப்படும். ஆக, படிகத்தின் அடையாளம் அதன் தோற்றத்தில் இல்லை என்ற உண்மை அப்போதே எட்டிப் பார்த்துவிட்டது. எல்லாப் படிகங்களுக்கும் பொதுவான விதியாக அது நிலைபெற மேலும் 114 ஆண்டுகள் பிடித்தன.

புதுச்சேரியில் சிறைப்பட்டவர்

அவ்விதியை நிலைநாட்டியவர் வாழ்வில் நம் மண்ணுக்கும் ஒரு பங்கு உண்டு. ரோமே த லீல் என்ற அந்தப் பிரெஞ்சுக்காரர், பீரங்கிப் படையும் பொறியாளரும் அடங்கிய குழுவொன்றின் செயலராக இந்தியாவுக்கு வந்தவர். 1761-இல் புதுச்சேரி ஆங்கிலேயர் வசம் வீழ்ந்தபோது சிறைபிடிக்கப்பட்டார். 1764-இல்தான் பிரான்சு திரும்பினார். அதன்பின் கனிமங்களைச் சேகரிப்பதும் அட்டவணைப்படுத்துவதுமே அவர் வாழ்வாயிற்று.

சேகரிப்பிலிருந்த படிகங்களைப் போலக் களிமண்ணில் உருவங்கள் செய்துதர கராஞ்ஜோ என்ற உதவியாளர் அமர்த்தப்பட்டார். உருவம் துல்லியமாக அமையக் கோணத்தை அளக்கவேண்டும் அல்லவா? அதற்காகக் கராஞ்ஜோ 1780-ஐ ஒட்டி ஒரு கருவியைச் செய்தார். இரு உலோகப் பட்டைகள் ஓர் அச்சில் திரும்ப, அருகில் பாகைகள் குறித்த அரைவட்டம் இருக்கும். பட்டைகளைப் படிகத்தின் இரு முகங்களிலும் பொருத்திக் கோணத்தைப் படித்துக்கொள்ளலாம். இந்த எளிய கோணமானியைக் கொண்டு நூற்றுக்கணக்கான படிகங்களை அளந்த ரோமே த லீல், 1783-இல் தம் பெருநூலை வெளியிட்டார். நானூறுக்கும் மேற்பட்ட படிக வடிவங்கள் அதில் விவரிக்கப்பட்டன. ஒரே பொருளின் படிகங்களில் ஒத்த முகங்களுக்கு இடையிலான கோணம் மாறாது என்பது பொதுவிதியாக அங்கே உறுதிப்பட்டது.

இதன் பயன் ஏட்டோடு நின்றுவிடவில்லை. அதுவரை மணிகளை நிறத்தால் இனம் பிரிப்பதே உலகெங்கும் வழக்கம். சிவப்பானவை எல்லாம் மாணிக்கம், நீலமானவை எல்லாம் நீலம். கோணங்களை அளந்தபோது மாணிக்கமும் நீலமும் ஒரே கனிமத்தின் இரு நிறங்கள் என்பது தெரிந்தது. மாறாக, மாணிக்கம் என்று போற்றப்பட்ட பல சிவப்புக் கற்கள் எண்முகியாக வளர்பவை. அவை ஸ்பினல் என்னும் வேறொரு கனிமம் என்று பிரித்தறியப்பட்டன. இங்கிலாந்து அரச முடியின் முன்புறத்தில் பதிக்கப்பட்டு 'கறுப்பு இளவரசரின் மாணிக்கம்' என வழங்கும் புகழ்பெற்ற கல்லும் ஸ்பினலே.

அதே நூலாசிரியர் கண்ட இன்னொன்று வியப்புக்குரியது. உப்புக் கரைசலில் சிறுநீர் கலந்திருந்தால் உப்பு கனசதுரமாக வளர்வதில்லை, எண்முகியாக வளர்கிறது! யூரியா என்னும் பொருள் முகங்கள் வளரும் வேகத்தை மாற்றிவிடுவதே காரணம் என்பதைப் பின்னாளில் அறிந்தோம். ஒரே உப்பு, இரு வேறு உருவங்கள். வடிவத்தை மட்டும் கொண்டு வகுப்பதென்றால் உப்பை எந்தப் பெட்டியில் போடுவது?

உடைந்த கல்

இக்கேள்விக்கு விடை தேடியவர் ரெனே அவூயி. ஏழை நெசவாளி ஒருவரின் மகனாக 1743-இல் பிறந்தவர், கத்தோலிக்கக் குருவானவர். நண்பர் வீட்டில் கால்சைட் படிகம் ஒன்று கைதவறி விழுந்து உடைந்ததாகவும், உடைந்த பரப்பு வழவழப்பாகவும் ஒழுங்காகவும் இருந்தது அவரைச் சிந்திக்கவைத்ததாகவும் கூறுவர். வீட்டுக்குச் சென்று தம்மிடமிருந்த கால்சைட்டுகளையும் உடைத்தார். வெளியுருவம் எதுவாயினும் உடைந்த துண்டுகள் அனைத்தும் ஒரே சாய்வுடைய சிறு பெட்டிகளாகவே இருந்தன. கற்களை உடைத்து ஆராய்ந்த இவரைப் 'படிக உடைப்பாளர்' என்று ரோமே த லீல் எள்ளினாராம்.

அவூயியின் கருத்து எளிமையானது. படிகம் என்பது கண்ணுக்குத் தெரியாத, ஒரே மாதிரியான செங்கற்களை அடுக்கிக் கட்டிய கட்டடம். அடுக்கு ஒவ்வொன்றிலும் ஓரத்தில் ஒரு வரிசை அல்லது இரண்டு வரிசை செங்கற்களைக் குறைத்துக்கொண்டே போனால் படிக்கட்டுபோன்ற சரிவு உண்டாகும். படிகள் மிகச் சிறியவை ஆதலால் நமக்குச் சரிவு வழவழப்பான முகமாகத் தெரிகிறது. கனசதுரச் செங்கற்களைக் கொண்டே இவ்வாறு எண்முகியும் பன்னிருமுகியும் கட்டலாம். உப்பின் இரு உருவங்களுக்கும் இதுவே விளக்கம்.

படிகளின் உயரமும் அகலமும் முழுச் செங்கற்களால் ஆனவை. ஒன்றுக்கு ஒன்று, ஒன்றுக்கு இரண்டு என்று எளிய முழு எண்களின் விகிதத்திலேயே சரிவுகள் அமையும். இந்த விதி ஓர் உருவத்தைத் தடைசெய்கிறது. ஒழுங்கான ஐங்கோணங்களால் ஆன பன்னிருமுகிக்கு முழு எண் விகிதத்தில் அடங்காத சரிவு தேவை. ஆகவே அப்படியொரு படிகம் இருக்க இயலாது. பைரைட் சிலவேளை ஐங்கோண முகங்களுடன் வளர்வதுண்டு. அளந்து பார்த்தால் அந்த ஐங்கோணங்கள் ஒழுங்கற்றவையாகவே இருக்கும். ஐந்தின் மீதான இத்தடையை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

1784-இல் இக்கொள்கையை அவூயி வெளியிட்டார். எட்டாண்டுகளுக்குப் பின் பிரெஞ்சுப் புரட்சி அரசு, உறுதிமொழி எடுக்க மறுத்த குருமார்களைச் சிறையிலடைத்தபோது அவரும் 1792 ஆகஸ்டில் அடைபட்டார். அவரிடம் பயின்ற இளைஞர் ஜியோஃப்ருவா செந்திலேர் ஓடியாடி விடுதலை ஆணை பெற்றார். சில நாள்களில், செப்டம்பர் தொடக்கத்தில், பாரிசுச் சிறைகளில் கைதிகள் கொன்று குவிக்கப்பட்டனர். அந்த மாணவர் சற்றுத் தாமதித்திருந்தால் 1801-இல் வெளிவந்த அவூயியின் கனிமவியல் பெருநூல் நமக்குக் கிடைத்திராது.

செங்கல்லிலிருந்து அச்சுக்கு

அந்நூலை ஜெர்மன் மொழியில் பெயர்த்தவர்களில் ஒருவர் கிறிஸ்டியன் சாமுவேல் வைஸ். கண்ணால் காணாத செங்கல்லில் அவருக்கு நம்பிக்கை இல்லை. அதை நீக்கிவிட்டுப் படிகத்தின் ஊடே செல்லும் கற்பனைக் கோடுகளை, அதாவது அச்சுகளை, அடிப்படையாகக் கொண்டு 1815-இல் படிகங்களைத் தொகுதிகளாகப் பிரித்தார். கனிமங்களின் கடினத்தன்மை அளவுகோலால் நாம் அறிந்த ஃபிரெடெரிக் மோஸ் 1820-களின் தொடக்கத்தில் ஏறத்தாழ இதே பிரிவுகளை அடைந்தார். சாய்ந்த அச்சுகள் கொண்ட தொகுதிகளையும் தெளிவாக இனங்கண்டார். இருவருக்கும் இடையே யார் முந்தியவர் என்ற பூசலும் எழுந்தது.

அச்சு என்பதை இங்கே சற்று விளக்க வேண்டும். ஒரு கனசதுரத்தின் மேல்முகத்து நடுவிலும் கீழ்முகத்து நடுவிலும் ஓர் ஊசியைச் செலுத்திச் சுழற்றுவோம். 90 பாகை திரும்பியதும் முன்பிருந்தவாறே தோன்றும். ஒரு முழுச் சுற்றில் நான்கு முறை இவ்வாறு நிகழ்வதால் இது நான்மடி அச்சு. எதிரெதிர் மூலைகளின் வழியே ஊசியைச் செலுத்தினால் 120 பாகைக்கு ஒருமுறை ஒத்துவரும். இது மும்மடி அச்சு. எதிரெதிர் விளிம்புகளின் நடுவே செலுத்தினால் இருமடி அச்சு. கனசதுரத்தில் நான்மடி அச்சுகள் 3, மும்மடி அச்சுகள் 4, இருமடி அச்சுகள் 6.

இப்போது எண்முகியை எடுத்துக்கொள்வோம். மூலைகளின் வழியே 3 நான்மடி அச்சுகள், முகங்களின் நடுவே 4 மும்மடி அச்சுகள், விளிம்புகளின் நடுவே 6 இருமடி அச்சுகள். அதே எண்ணிக்கை! முகங்கள் ஆறா, எட்டா என்று கேட்டால் இரண்டும் வேறு. எவ்வாறெல்லாம் திருப்பினால் மாறாமல் இருக்கும் என்று கேட்டால் இரண்டும் ஒன்று. கேள்வி மாறியதும் விடை மாறிவிட்டது. படிகவியலின் வரலாற்றில் இதைவிடப் பெரிய திருப்பம் வேறில்லை என்பது நம் கருத்து.

இவ்வாறு அமைந்த தொகுதிகள் இன்று ஏழு எனக் கொள்ளப்படுகின்றன. கனசதுரத் தொகுதியில் உப்பு, படிகாரம், வைரம். நாற்கோணத் தொகுதியில் சிர்க்கான். அறுங்கோணத் தொகுதியில் மரகதமும் பனிக்கட்டியும். முக்கோணத் தொகுதியில் குவார்ட்சும் மாணிக்கமும். மூன்று அச்சுகளும் செங்குத்தாக இருந்தும் நீளத்தில் வேறுபடும் செஞ்சாய்சதுரத் தொகுதியில் கந்தகமும் வெடியுப்பும். ஒற்றைச் சரிவுத் தொகுதியில் கற்கண்டு. எந்தக் கோணமும் செங்கோணமாக இருக்கத் தேவையில்லாத முச்சரிவுத் தொகுதியில் மயில்துத்தம்.

பைரைட்டின் புதிரும் இங்கே விடுபடுகிறது. பைரைட் கனசதுரத்தின் முகங்களில் மெல்லிய இணைகோடுகள் ஓடுவதை உற்று நோக்கினால் காணலாம். அடுத்தடுத்த முகங்களில் கோடுகளின் திசை மாறிச் செல்கிறது. 90 பாகை திருப்பினால் கிடைக்கோடுகள் நிமிர்ந்துவிடும். பழைய தோற்றம் வராது. 180 பாகை திருப்பினால்தான் வரும். ஆக, நான்மடி அச்சு என்று நாம் எண்ணியது அங்கே இருமடி அச்சே. ஆனால் மூலைகளின் வழியே செல்லும் 4 மும்மடி அச்சுகள் குலையாமல் இருக்கின்றன. கனசதுரத் தொகுதியின் உண்மையான அடையாளம் அந்த நான்கு மும்மடி அச்சுகளே.

கவனிப்பாரற்ற 32

தொகுதிக்குள் இவ்வாறு உட்பிரிவுகள் இருக்குமானால் அவை எத்தனை? சுழற்சி அச்சுகள் மட்டுமல்ல, ஒரு பாதி மறுபாதியின் ஆடிப் பிம்பமாக அமையும் தளங்களும், மையத்தின் வழியே ஒவ்வொரு முகத்துக்கும் எதிர்முகம் அமையும் தன்மையும் உண்டு. இவை அனைத்தையும் எத்தனை விதமாக இணைக்கலாம்?

மார்புர்க் நகரக் கனிமவியல் பேராசிரியர் யோகன் ஹெஸ்ஸல் 1830-இல் இதைக் கணக்கிட்டு முடித்தார். விடை 32. அதற்குக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இயற்பியல் அகராதி ஒன்றில் 'படிகம்' என்ற தலைப்புக்கு எழுதிய கட்டுரையில், கடினமான குறியீடுகளுக்கு இடையே அவ்விடையை வைத்தார். யாரும் படித்ததாகத் தெரியவில்லை. 1867-இல் உருசியப் பீரங்கிப் படையின் அதிகாரி ஆக்சல் கடோலின், ஹெஸ்ஸலை அறியாமலே அதே 32-ஐ மீண்டும் கண்டடைந்தார். ஹெஸ்ஸல் 1872-இல் இறந்தார். அவர் முந்திக் கண்டதை 1891-இல்தான் லியோன்ஹார்ட் சோன்கே எடுத்துக்காட்டினார். ஒரு கணக்கு சரியாக இருப்பது மட்டும் போதாது, பிறர் படிக்கத்தக்கதாகவும் அது எழுதப்பட வேண்டும் என்பதற்கு இதைவிடத் துயரமான சான்று வேண்டியதில்லை.

இந்த 32 வகுப்புகளில் படிகாரமும் பைரைட்டும் ஒரே வகுப்பு. உப்பு வேறு வகுப்பு. எண்முகியாகத் தோன்றும் படிகாரத்துக்கு உண்மையில் நான்மடி அச்சு இல்லை.

புள்ளிகளின் வரிசை

வைஸ் தூக்கியெறிந்த செங்கல் வேறு வடிவில் திரும்பி வந்தது. ஒவ்வொரு செங்கல்லுக்கும் பதிலாக ஒரு புள்ளியை வைத்தால், எல்லாத் திசைகளிலும் முடிவின்றித் திரும்பத் திரும்ப வரும் புள்ளிகளின் வரிசை கிடைக்கும். இதனை அணிக்கோவை என்கிறோம். ஃபிராங்கன்ஹைம் 1842-இல் 15 அணிக்கோவைகள் உண்டென்றார். கடற்படை அதிகாரியாக இருந்து பேராசிரியரான ஓகுஸ்த் பிராவே, அவற்றில் இரண்டு உண்மையில் ஒன்றே என்று காட்டி, 1848-இல் 14 என்று திருத்தினார். அறை வெப்பத்தில் இரும்பின் அணுக்கள் கனசதுரத்தின் மூலைகளிலும் நடுவிலும் அமைவது அவற்றில் ஒன்று. செம்பும் பொன்னும் மூலைகளிலும் முகங்களின் நடுவிலும் அமைவது மற்றொன்று.

ஐந்துக்கு ஏன் இடமில்லை என்பதும் அணிக்கோவையால் தெளிவாகிறது. ஒன்றுக்கொன்று மிக நெருங்கிய இரு புள்ளிகளை எடுத்துக்கொள்வோம். இவற்றைவிட நெருங்கிய இணை அவ்வரிசையில் எங்கும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். முதற்புள்ளியை மையமாக வைத்து இரண்டாவதை 72 பாகை திருப்புவோம். இரண்டாவதை மையமாக வைத்து முதலாவதை எதிர்த்திசையில் 72 பாகை திருப்புவோம். ஐம்மடிச் சமச்சீர் உண்டெனில் இப்புதிய இடங்களிலும் புள்ளிகள் இருந்தாக வேண்டும். ஆனால் இவ்விரு புதிய புள்ளிகளின் இடைவெளி பழையதில் 0.38 பங்கே! மிக நெருங்கிய இணை என்று நாம் எடுத்துக்கொண்டதற்கு இது முரண். ஆகவே ஐந்து இயலாது. ஏழும் அதற்கு மேற்பட்டனவும் ஆனால், திருப்பிய புள்ளி தன் பழைய இடத்துக்கே மிக நெருங்கிவிடும். எஞ்சுபவை 2, 3, 4, 6 மட்டுமே.

முடிவற்ற வரிசையில் புதுவகைச் சமச்சீர்களும் உண்டு. சுழன்றுகொண்டே முன்னேறும் திருகு அச்சும், பிம்பமாகிக்கொண்டே நகரும் வழுக்குத் தளமும் அத்தகையவை. சோன்கே 1879-இல் இடமாற்றமும் சுழற்சியும் திருகும் கொண்ட அமைப்புகளை மட்டும் எண்ணி 65 என்றார். பிம்பங்களையும் சேர்த்து எண்ணும் பணியில் இருவர் இறங்கினர்: உருசியாவில் ஃபெதரோவ், ஜெர்மனியில் ஷோன்ஃபிளீஸ். இருவரும் கடிதம் எழுதிக்கொண்டனர். ஒருவர் விட்டதை மற்றவர் சுட்ட, இருவர் பட்டியல்களும் மெல்ல மெல்ல ஒன்றாயின. 1891-இல் இருவரும் அடைந்த எண் 230. வைஸ்-மோஸ் பூசலைப் பார்த்த நமக்கு இந்த ஒத்துழைப்பு ஆறுதல் தருவது. இங்கிலாந்தின் வில்லியம் பார்லோ 1894-இல் தாமே தனி வழியில் 230-ஐ அடைந்தார். இடக்கை வலக்கை வேறுபாட்டைக் காட்ட அவர் கையுறைகளை மாதிரிகளாகப் பயன்படுத்தினார் என்று சொல்லப்படுவதுண்டு.

230 வெளிக்குலங்கள் எனப்படும் இவை தொகுதிகளுக்குள் பரவியிருக்கும் விதம்: முச்சரிவு 2, ஒற்றைச் சரிவு 13, செஞ்சாய்சதுரம் 59, நாற்கோணம் 68, முக்கோணம் 25, அறுங்கோணம் 27, கனசதுரம் 36. இந்த நுணுக்கத்திலும் படிகாரமும் பைரைட்டும் ஒரே குலத்தில்தான் நிற்கின்றன என்பது வியப்பூட்டுவது. சோன்கேயின் 65-க்கும் தனிச்சிறப்பு உண்டு. இடக்கை வலக்கை வேறுபாடுடைய மூலக்கூறுகளின் ஒரு கை மட்டும் சேர்ந்து உருவாகும் படிகம் அந்த 65-க்குள்ளேயே அமைய இயலும். கற்கண்டும், நம் உடலின் புரதங்கள் படிகமாகும்போது அவையும் அவ்வகையே.

கணக்கைக் கண் கண்டது

இத்தனையும் கணக்கிடப்பட்டபோது அணுவின் வரிசையை ஒருவரும் கண்டதில்லை. 1912-இல் மியூனிக்கில் மாக்ஸ் ஃபான் லாவேயின் யோசனைப்படி ஃபிரீட்ரிக், நிப்பிங் இருவரும் மயில்துத்தப் படிகம் ஒன்றின் ஊடே எக்ஸ் கதிரைச் செலுத்தினர். ஒளிப்படத் தகட்டில் புள்ளிகள் தோன்றின. அணுக்கள் வரிசையாக நிற்பது உண்மை என்பதற்கு அதுவே சான்றாயிற்று. கேம்பிரிட்ஜில் 22 வயது லாரன்ஸ் பிராக், அப்புள்ளிகளிலிருந்து அணுக்களின் இடங்களைக் கணக்கிடும் வழியை அவ்வாண்டு நவம்பரிலேயே கண்டார். 1913-இல் உப்பின் அமைப்பு வெளியாயிற்று.

உப்பில் சோடியமும் குளோரினும் சதுரங்கப் பலகையின் கட்டங்களைப் போல மாறி மாறி நின்றன. ஒவ்வொன்றையும் மற்றதன் ஆறு அணுக்கள் சூழ்ந்திருந்தன. 'ஓர் உப்பு மூலக்கூறு' என்று தனியே பிரித்துச் சொல்ல எதுவும் அங்கில்லை. இதை ஏற்கமாட்டாமல் மூத்த வேதியியலார் ஆர்ம்ஸ்ட்ராங் 1927-இல் கூட நேச்சர் இதழுக்குச் சினந்து எழுதினார். பார்லோவோ இந்த அமைப்பை 1883-லேயே ஊகித்துச் சொல்லியிருந்தார்.

அதன்பின் 230 குலங்களின் பட்டியல் ஆய்வகங்களின் அன்றாடக் கையேடாயிற்று. 1924-இல் ஆஸ்ட்பரியும் கேத்லீன் யார்ட்லியும் வெளியிட்ட அட்டவணைகள் அதற்கு வழிகோலின. திருமணத்துக்குப்பின் லான்ஸ்டேல் என அறியப்பட்ட கேத்லீன், 1929-இல் பென்சீன் வளையம் தட்டையானது என்று படிகச் சான்றால் காட்டியவர். போரை எதிர்த்த இவர், போர்க்காலக் குடிமைக் காவலுக்குப் பதிவுசெய்ய மறுத்து 1943-இல் ஒரு மாதம் சிறையிருந்தார். 1945-இல் இலண்டன் ராயல் சொசைட்டியில் முதன்முதலாக உறுப்பினராக ஏற்கப்பட்ட இரு பெண்களில் ஒருவரானார்.

பட்டியலுக்கு வெளியே

1982 ஏப்ரல் 8. வாஷிங்டனை அடுத்த அமெரிக்கத் தேசியத் தர நிறுவனத்தின் ஆய்வகத்தில், இசுரேலிலிருந்து வந்திருந்த டான் ஷெக்ட்மன், மிக விரைவாகக் குளிர்விக்கப்பட்ட அலுமினிய மாங்கனீசுக் கலவையை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தார். கூர்மையான புள்ளிகள் வட்டவட்டமாகத் தோன்றின. ஒரு வட்டத்தில் எண்ணினார்: பத்து. மேலும் ஆராய்ந்தபோது இருபதுமுகிக்கு உரிய ஐம்மடிச் சமச்சீர் வெளிப்பட்டது. கூர்மையான புள்ளிகள் என்றால் ஒழுங்கான வரிசை. ஐந்து என்றால் வரிசையே இயலாது. இரண்டும் சேர்ந்து தோன்றியதுதான் சிக்கல்.

உடன் பணியாற்றியோர் நம்பவில்லை. பாடநூலைக் கொடுத்துப் படித்துப் பார்க்கச் சொன்னார்கள். குழுவை விட்டு விலகவும் சொன்னார்கள். 1984 நவம்பரில்தான் மூவருடன் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை வெளிவந்தது. இருமுறை நோபல் பரிசு பெற்ற லினஸ் பாலிங், வழக்கமான படிகங்கள் பல கோணங்களில் ஒட்டிப் பிறந்து ஐந்தைப் போல் போலித்தோற்றம் காட்டுகின்றன என்று வாதிட்டார். அது பொருளற்ற ஐயமன்று. அத்தகைய ஒட்டுப் படிகங்கள் உண்டு. ஆனால் 1987-இல் பெரிய படிகங்கள் வளர்க்கப்பட்டு எக்ஸ் கதிரால் ஆராயப்பட்டபோது ஐயம் பெரும்பாலும் நீங்கியது. பாலிங் மட்டும் 1994-இல் இறக்கும்வரை தம் கருத்தை விடவில்லை. 2011-இல் வேதியியல் நோபல் பரிசு ஷெக்ட்மனுக்கு அளிக்கப்பட்டது.

அப்படியானால் 72 பாகை வாதம் பிழையா? இல்லை. 230 என்ற எண்ணும் பிழையன்று. இன்றும் அது 230-தான். வாதத்தின் முதல் வரியில் 'திரும்பத் திரும்ப வரும் புள்ளிகள்' என்றோமே, அங்கேதான் சிக்கல் ஒளிந்திருந்தது. ஒழுங்கு என்றாலே ஒரே அளவில் மீண்டும் மீண்டும் வருவதுதான் என்று அனைவரும் சொல்லாமலே ஏற்றுக்கொண்டிருந்தனர். ஒருபோதும் திரும்ப வராமலும் ஒழுங்காக இருக்க முடியும். 1974-இல் ரோஜர் பென்ரோஸ் இரண்டே வகை ஓடுகளைக் கொண்டு தளத்தை நிரப்பும் அத்தகைய ஓர் அமைப்பைக் கணிதத்தில் காட்டியிருந்தார். ஷெக்ட்மன் கண்ட பொருள் குவாசிபடிகம் எனப் பெயர் பெற்றது. ஆறு பரிமாணங்களில் அமைந்த அணிக்கோவை ஒன்றின் நிழலாக அதன் அமைப்பை விளக்குகின்றனர் கணிதர்.

இதன் விளைவாகப் பன்னாட்டுப் படிகவியல் ஒன்றியம் படிகம் என்ற சொல்லுக்கே 1992-இல் புதிய வரையறை தந்தது. திரும்ப வரும் அணுவரிசை என்ற நிபந்தனை கைவிடப்பட்டது. கூர்மையான கதிர்ப்புள்ளிகளைத் தரும் திண்மம் எதுவும் படிகமே என்றாயிற்று. முந்நூறு ஆண்டுகள் வகைப்படுத்திய பிறகு, வகைப்படுத்தியது எதை என்பதை மறுபடி எழுத வேண்டியிருந்தது. ஹெஸ்ஸலும் ஃபெதரோவும் ஷோன்ஃபிளீசும் செய்த கணக்கின் பெருமை இதனால் குறைந்துவிடாது. எதை நிபந்தனையாகக் கொண்டார்களோ அதற்குள் இருப்பவை அனைத்தையும் ஒன்றுவிடாமல் அவர்கள் எண்ணினார்கள். அதற்கு வெளியே எதுவும் இல்லை என்று எடுத்துக்கொண்டது பின்வந்தோரின் பிழை.

ஆய்வகத்தில் செய்தவை தவிர, இயற்கையில் இத்தகைய படிகம் உண்டா என்ற தேடலும் நடந்தது. 2009-இல் ஓர் அருங்காட்சியகச் சேகரிப்பிலிருந்த சிறு கல்லில் அலுமினியம், செம்பு, இரும்பு கலந்த குவாசிபடிகம் கண்டறியப்பட்டது. உருசியாவின் தூரக் கிழக்கில் கிடைத்த அக்கல் விண்கல் ஒன்றின் பகுதி என்பது பின்னர் தெளிவாயிற்று. பூமியில் யாரும் கோணமானியைக் கையில் எடுப்பதற்கு வெகுகாலம் முன்பே விண்வெளியில் அது உருவாகியிருந்தது. அக்கல் இருந்த அருங்காட்சியகம், மாறாக் கோணத்தை ஸ்டெனோ எழுதிவைத்த அதே பிளாரன்சு நகரில் உள்ளது.